லயத்துக்குப் பின்னால் நிற்கும் மரத்துக்கு யார் பொறுப்பு?

வைகாசி பிறந்தால் தென்மேல் காற்று. மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்து லயங்களில் அது எப்படி அடிக்கும் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தகரம் படபடக்கும் இரவுகளில் பிள்ளைகளை எழுப்பி, மரம் இல்லாத பக்கத்து அறைக்குத் தூக்கிப் போகிறோம். மறுநாள் அந்தப் பிள்ளைகள் வகுப்பில் தூங்கி விழுகிறார்கள்.

தோட்ட நிர்வாகத்துக்கு மரம் பராமரிக்கத் தெரியாதா? நன்றாகத் தெரியும். மலையில் முள்முருங்கைக்கு மழைக்கு முன் கிளை வெட்டு உண்டு. சவுக்கை அகற்றுவதென்றால், முறைப்படி அடியில் வளையமாகப் பட்டை உரித்து, நின்றபடியே காயவிட்டுத்தான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேரில் நோய் பிடித்துத் தேயிலைக்குத் தாவும். தேயிலைச் செடிக்கு அவ்வளவு அக்கறை! விற்கப்போகும் டர்பன்டைன் மரத்துக்கு நம்பர் போட்டு, சுற்றளவு அளந்து புத்தகத்தில் பதிகிறார்கள். லயத்தின் மேல் சாய்ந்து நிற்கும் மரம் மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கேட்டால், "அனுமதி எடுக்க வேண்டும்" என்கிறார்கள். எடுக்கட்டும். விற்பனைக்கு வெட்டும்போது மட்டும் அனுமதி எப்படி வருகிறது? (நமது கமிட்டி கொடுத்த மூன்று கடிதங்களுக்கும் பதில், பிரட்டுக்களத்தில் வாயால் சொன்ன இந்த ஒரு வார்த்தைதான்.)

சத்தம் போட்டால் வேறொன்று செய்வார்கள். இரண்டு பொடியன்களுக்குப் பேர் போட்டு, கத்தியும் கயிறும் கொடுத்து மரத்தில் ஏற்றுவார்கள். அதற்கு நாம் சம்மதிக்கக் கூடாது. மண்டையை வெட்டினால் மரம் அடங்காது. வெட்டிய இடம் உக்கும். சுற்றிலும் கொத்தாக வெடிக்கும் புதுக்கிளைகளுக்குப் பிடிமானம் குறைவு, சில வருஷங்களில் அவையே கூரையில் விழும். அல்பீசியாக் கிளை பச்சையாக இருக்கும்போதே முறியும். இது பழகியவர் செய்ய வேண்டிய தொழில். தலைக்கவசம் வேண்டும், இடுப்புப் பட்டி வேண்டும், கிளையைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்க ஆட்கள் வேண்டும். விழுந்தவனுக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. முறிந்த முதுகெலும்பை அது நிமிர்த்தித் தராது.

இந்த மாதமே ஒவ்வொரு லயத்திலும் தலைவரும் மாதர் தலைவியும் சேர்ந்து மரங்களைப் பாருங்கள். அடியில் காளான் இருக்கிறதா? தட்டினால் பொந்துச் சத்தம் கேட்கிறதா? சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்திருக்கிறதா? கான் வெட்டியபோது வேர் அறுபட்டதா? நல்ல மரத்தை எழுத வேண்டாம். சரிவில் மண்ணைப் பிடித்து நிற்பதும் அதுதான். அறை எண்ணோடு இரண்டு பிரதி எழுதி, ஒன்றைத் துரையிடம் கொடுத்து, மற்றதில் திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பிரதேச செயலகத்துக்கும் ஒரு பிரதி. சித்திரை முடியுமுன் பட்டியல் சங்கக் காரியாலயத்துக்கு வந்துவிட வேண்டும்.