நிலவின் தலையில் ஏன் பழி?

"பௌர்ணமி நெருங்குகிறது, அதுதான் முற்றிவிட்டது." மலையக லயங்களில் செய்தி தேடித் திரிந்த ஆண்டுகளில் நான் அடிக்கடி கேட்ட தீர்ப்பு இது. வலிப்புக்கும் இதே தீர்ப்பு. சித்தப்பிரமைக்கும் இதே தீர்ப்பு.

இதைத் தோட்ட மக்களின் அறியாமை என்று எள்ளி நகையாடுவோர் சற்றுப் பொறுக்க வேண்டும். ஆங்கிலேயர் 1873இல் இலங்கைக்கு இயற்றிய மனநோயாளர் சட்டத்தின் பெயரே 'லூனசி' என்பதுதான். நிலவைக் குறிக்கும் 'லூனா' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது. துரைமாரும் அதே நிலவைத்தான் நம்பினர்.

கடலைப் பொங்க வைக்கும் நிலவு, நீர் நிறைந்த மனித உடலை விட்டுவிடுமா என்று படித்தவர்களும் கேட்கிறார்கள். பூமியின் ஒரு பக்கத்திற்கும் மறு பக்கத்திற்கும் இடையே நிலவின் ஈர்ப்பு வேறுபடுவதால் கடலில் வற்றுப்பெருக்கு உண்டாகிறது. ஐந்தடி உடலுக்குள் அந்த வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். நுவரெலியாவின் கிரகரி வாவியிலோ காசல்ரீ நீர்த்தேக்கத்திலோ பௌர்ணமிக்கு நீர் பொங்கிக் கண்டவர் உண்டா?

ஜேம்ஸ் ரொட்டன், ஐவன் கெல்லி என்னும் ஆய்வாளர்கள் 1985இல் முப்பத்தேழு ஆய்வுகளைத் தொகுத்துப் பரிசீலித்தனர். பௌர்ணமிக்கும் மனப்பிறழ்வுக்கும் பொருட்படுத்தத்தக்க தொடர்பு எதனையும் அவர்கள் காணவில்லை. பௌர்ணமிக்கு முந்திய இரவுகளில் மக்கள் தாமதமாக உறங்கச் சென்று, குறைவாக உறங்குகிறார்கள் என 2021இல் வெளியான ஆய்வொன்று கூறியது உண்மையே. ஆனால் உறக்கம் சற்றுக் குறைவது வேறு, சித்தம் கலங்குவது வேறு.

நம் நாட்டில் நிலவு மனிதரை ஆட்டுவிப்பது வர்த்தமானி வழியாகத்தான். 1966இல் ஞாயிறு விடுமுறையை நீக்கி, நிலவின் பிறைக் கணக்குப்படி போயா விடுமுறை கொண்டுவந்தார்கள். அது சில ஆண்டுகளே நீடித்தது. 1971ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டத்திற்குப் பின் பௌர்ணமி மட்டும் விடுமுறையாக நிலைத்தது. அன்று மதுக்கடைகள் மூடியிருக்கும் என்பதால் பலர் முதல்நாளே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வேலையற்ற நாளில் போத்தல் திறக்கப்பட்டு லயத்தில் அடிதடி மூண்டால், குற்றவாளி வானத்திலா இருக்கிறான்?

ஹட்டனை அண்டிய தோட்டமொன்றில், குழந்தை பெற்று இரு வாரமேயான இளம் தாயொருத்தி உறக்கமின்றிப் பிதற்றத் தொடங்கினாள். அமாவாசை கழியட்டும் என்றார்கள் வீட்டார். கழிந்தது. பௌர்ணமி கழியட்டும் என்றார்கள். அதுவும் கழிந்தது. அதற்குள் பால் குடிக்கும் குழந்தையையே அவள் அடையாளம் காணாத நிலைக்கு வந்துவிட்டாள். இறுதியில் வைத்தியசாலையில் சேர்த்தபோது, பிரசவத்தை அடுத்து வரும் மனநோய் என்றார்கள். மருந்தில் தேறினாள். வீணாய்ப் போன அந்த வாரங்களுக்கு யார் பொறுப்பு?

வீட்டாரை மட்டும் நான் குறை கூறமாட்டேன். அங்கொடை என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கும் சமூகத்தில், நோயை நிலவின் தலையில் போடுவது மானம் காக்கும் வழியாகிவிடுகிறது. நோயாளியிடம் தமிழில் பேசத் தெரிந்த மனநல வைத்தியர் ஒவ்வொரு தோட்டப் பகுதிக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்க வேண்டிய தலைவர்களுக்கும் இந்த நம்பிக்கை வசதியாகவே இருக்கிறது. நிலவு காரணமென்றால் எவரும் அவர்களிடம் கணக்குக் கேட்கப் போவதில்லை அல்லவா?

வலிப்பும் மனநோயும் சிகிச்சைக்குரிய நோய்கள். அமாவாசைக்கு விரதமிருங்கள், பௌர்ணமிக்குக் கோயிலுக்குச் செல்லுங்கள். அதை நான் தடுக்கவில்லை. நோயாளியை மட்டும் அந்தத் திதிகளுக்காகக் காத்திருக்க வைக்காதீர்கள்.