யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வரலாறு படிப்பது?

டெக்சாசில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மாநிலம் எதிர்பார்ப்பது ஐந்தே ஐந்துதான்: வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு. வரலாறு அந்தப் பட்டியலில் இல்லை. எந்த வரலாற்றைச் சொல்வது, எதை விழுங்குவது என்பது முழுக்கப் பெற்றோர் கையில்.

இங்கே வீட்டுப்பள்ளி நடத்தும் ஆறு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வரும் ஆண்டுக்கான அமெரிக்க வரலாற்றுப் பாடத்தைத் திட்டமிட்டோம். பாடநூல் வேண்டாம், கதைகள், நாவல்கள், தன்வரலாறுகள் வழியாகவே நடத்தலாம் என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. பிள்ளைகளுக்கு எட்டு முதல் பதினான்கு வயது. முதலில் சுற்றுக்கு வந்த பட்டியல் மேஃபிளவர் கப்பலில் தொடங்கி நிலவில் கால் வைத்ததோடு முடிந்தது. நடுவே முப்பது புத்தகங்கள். கருப்பின எழுத்தாளர் ஒருவர்கூட இல்லை. பூர்வகுடி எழுத்தாளரும் இல்லை. ஃப்ரெடரிக் டக்ளஸின் தன்வரலாற்றைச் சேர்க்கலாமே என்றேன். “எதுக்குங்க இந்த வயசுல இதெல்லாம்? குழந்தைங்க மனசு தாங்காது” என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள். எந்தக் குழந்தையின் மனசு என்று நான் திருப்பிக் கேட்டேன். பதில் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கதை வழியாக வரலாறு சொல்லிக் கொடுப்பதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். பாடநூல் ஆண்டையும் போரையும் அடுக்கும். பிள்ளை தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடும். கதை அப்படியல்ல. பிள்ளையைக் கைப்பிடித்து ஒரு வீட்டுக்குள் கூட்டிப்போய் உட்கார வைக்கும். அந்த வீட்டில் உள்ளவர்களின் பசி இவளுடைய பசியாகும், அவர்களின் பயம் இவளுடைய பயமாகும். சிக்கலும் அங்கேதான். எந்த வீட்டில் முதலில் உட்கார வைக்கிறோம்?

எங்கள் பட்டியலின் நடுநாயகமாக இருந்தது லாரா இங்கல்ஸ் வைல்டரின் ‘லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரெய்ரி’. 1935இல் வந்த நூல். ஒரு வெள்ளையர் குடும்பம் வண்டி கட்டிக்கொண்டு கான்சாஸ் புல்வெளிக்குப் போய், மரம் வெட்டி, வீடு கட்டி, கிணறு தோண்டி வாழும் கதை. படிக்கச் சுவையான புத்தகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வீடு கட்டப்பட்ட நிலம் ஒசேஜ் மக்களுடையது. 1869 வாக்கில் அங்கே போய் இறங்கிய இங்கல்ஸ் குடும்பம் சட்டப்படி ஆக்கிரமிப்பாளர்கள். நூலின் முதல் பதிப்பில், அந்தப் பக்கம் மனிதர்களே கிடையாது, செவ்விந்தியர் மட்டும்தான் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. செவ்விந்தியர் மனிதர் இல்லையா என்று ஒரு வாசகர் எழுதிக் கேட்ட பிறகு, 1953இல்தான் ‘மனிதர்கள்’ என்ற சொல்லை எடுத்துவிட்டுக் ‘குடியேறிகள்’ என்று மாற்றினார்கள். பதினெட்டு ஆண்டுகள் அந்த வரி யார் கண்ணையும் உறுத்தாமல் குழந்தைகள் கையில் இருந்திருக்கிறது.

நமக்கு இது புதிதா என்ன? ‘ஊரே திரண்டு வந்தது’ என்கிறோம். அந்த ‘ஊர்’ என்ற சொல்லுக்குள் சேரி இருக்கிறதா? ‘ஊர்ப் பொதுக்கிணறு’, ‘ஊர்த் திருவிழா’, ‘ஊர்க்கூட்டம்’ எல்லாவற்றிலும் பொது என்றால் நாம் இல்லை என்று பொருள். கான்சாஸ் புல்வெளியில் மனிதர்கள் இல்லாமல் போனது எப்படி என்பதை எட்டு வயது தமிழ்ப் பிள்ளைக்கு விளக்க இதைவிட எளிய வழி இல்லை. விளக்க மனம் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நூலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் லூயிஸ் எர்ட்ரிக்கின் ‘தி பர்ச்பார்க் ஹவுஸ்’ படிக்கட்டும் என்றேன். 1999இல் வந்தது. எழுதியவர் ஒஜிப்வே மரபில் வந்தவர். 1847ஆம் ஆண்டு சுப்பீரியர் ஏரியின் தீவு ஒன்றில் வாழும் ஓமகாயஸ் என்ற ஏழு வயதுச் சிறுமியின் கதை. தோல் பதனிடுவதும், காக்காய் விரட்டுவதும், தம்பியோடு மல்லுக்கட்டுவதுமாகப் போகும் அவள் வாழ்க்கைக்குள் பெரியம்மை நுழைகிறது. ஓமகாயஸ் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வரும் பிள்ளை, லாராவின் அப்பா அந்தப் புல்வெளியில் கோடாரியை எடுக்கும்போது, அது யாருடைய இடம் என்று தானே கேட்கும். நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வரிசையை மாற்றினாலே போதும். அந்த வரிசையைத்தான் மாற்ற மாட்டேன் என்கிறார்கள்.

இனி அந்தத் தாங்காத மனசுக்கு வருவோம். 1960 நவம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையர் பள்ளிக்குள் ரூபி பிரிட்ஜஸ் நடந்து போனபோது அவளுக்கு ஆறு வயது. வாசலில் பெரியவர்கள் கூட்டமாக நின்று வசைமாரி பொழிந்தார்கள். கூட்டாட்சிக் காவலர்கள் துணைக்கு வந்தார்கள். வெள்ளைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட, அந்த ஆண்டு முழுவதும் ஒரே ஆசிரியையிடம், தன்னந்தனியாக ஒரு வகுப்பில் படித்தாள். ஆறு வயதில் அவள் நடந்து கடந்ததை எட்டு வயதில் நம் பிள்ளை மெத்தையில் சாய்ந்துகொண்டு படிக்கக்கூடத் தாங்காதாம்.

என் மகனுக்கு ஒன்பது வயது. போன பொங்கல் விழாவில் ஒரு பெரியவர் அவனை அன்பாக மடியில் இழுத்து உட்கார வைத்து, “சொந்த ஊர் எது கண்ணு?” என்றார். சொன்னான். “அதுல எந்தத் தெரு?” என்றார். இந்தக் கேள்வியின் பொருள் இதைப் படிக்கும் தோழர்களுக்குத் தெரியும். என் மகனுக்கு அன்று தெரியவில்லை. இன்னும் எத்தனை நாள் தெரியாமல் இருப்பான்? துயரத்திலிருந்து குழந்தையைக் காப்பாற்றுகிறோம் என்பவர்கள், அந்தத் துயரம் தங்கள் வீட்டுக் கதவைத் தட்டாது என்று உறுதியாகத் தெரிந்தவர்கள்.

பெரிய மனது பண்ணி ஒரே ஒரு நூலுக்கு ஒப்புக்கொண்டார்கள். ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் சினிமாவில் வரும் நல்ல பண்ணையார் கதைதான் அது. வெள்ளை வழக்கறிஞர் நேர்மையானவர், பண்பாளர், அவருக்காகக் கருப்பின மக்கள் எழுந்து நிற்பார்கள். குற்றம் சாட்டப்பட்ட டாம் ராபின்சன் சுடப்பட்டுச் சாகிறான். அவன் மனைவி என்ன ஆனாள், பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பது நமக்கு அதிகம் தெரியாது. கதை அந்த வீட்டுக்குள் போவதில்லை.

அந்த வீட்டுக்குள்ளிருந்து எழுதியவர் மில்ட்ரட் டெய்லர். அவருடைய ‘ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை கிரை’ 1976இல் வந்தது. மறு ஆண்டு நியூபரி விருது பெற்றது. 1933இல் மிசிசிப்பியில் நடக்கிறது கதை. பள்ளி திறந்த முதல் நாள், கருப்பினப் பிள்ளைகளுக்கு வாழ்க்கையில் முதன்முறையாகப் பாடப்புத்தகம் கொடுக்கிறார்கள். அழுக்கேறிக் கிழிந்த புத்தகம். உள்ளட்டையில் ஓர் அட்டவணை: எந்த ஆண்டு யாருக்குக் கொடுக்கப்பட்டது, அப்போது புத்தகத்தின் நிலை என்ன, மாணவரின் இனம் என்ன. புத்தகம் புதிதாக இருந்த காலமெல்லாம் வெள்ளைப் பிள்ளைகளுக்கு. பன்னிரண்டாவது முறை, மிக மோசம் என்று குறித்த பிறகு, கருப்புப் பிள்ளைக்கு. இனத்தைக் குறிக்க ஓர் இழிசொல். ஆறு வயது லிட்டில் மேன் அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை வீசி எறிந்து மிதிக்கிறான். அடி வாங்குகிறான். அதே பள்ளியில் ஆசிரியையான அவன் அம்மா என்ன செய்கிறாள்? பசையும் தாளும் எடுத்து, தன் வகுப்புப் புத்தகங்களின் அந்த அட்டவணை மேல் ஒட்டி மறைக்கிறாள். சக ஆசிரியை பதறுகிறாள். அம்மா கத்தரித்து ஒட்டிக்கொண்டே இருக்கிறாள்.

இதை என் மகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியபோது, “ஆயா ஊர் டீக்கடை டம்ளர் மாதிரியாப்பா?” என்று கேட்டாள். இரட்டைக் குவளையைப் பற்றி என் அம்மா எப்போதோ சொன்னது அவளுக்கு நினைவிருந்திருக்கிறது. எந்தப் பாடநூலின் பின்பக்கத்தில் இந்தக் கேள்வி இருக்கிறது?

பட்டியலில் இல்லாத இன்னொன்று, நாம். இந்தியர்கள் இங்கே தகுதியால் வந்தோம், உழைப்பால் உயர்ந்தோம் என்ற கதை விருந்துக்கு விருந்து ஓடுகிறது. 1923இல் பகத் சிங் திந்த் என்பவர் குடியுரிமைக்காக உச்ச நீதிமன்றத்தில் நின்றபோது அவர் தரப்பு வைத்த வாதம் என்ன? உயர்சாதி இந்து ஆரியன், ஆகவே வெள்ளையன். தாழ்ந்தவர்களோடு மண உறவு கொள்ளாததில் அவனும் அமெரிக்க வெள்ளையனும் ஒன்று. வழக்கில் தோற்றார். நமக்குக் கதவு திறந்தது 1965 குடியேற்றச் சட்டத்தால். கருப்பின மக்கள் நாய்க்கடியும் தடியடியும் பட்டு 1964இல் குடிமை உரிமைகள் சட்டத்தை வென்ற அதே எழுச்சியின் அலையில் வந்த சட்டம் அது. சாதியைக் காட்டித் தட்டியபோது திறக்காத கதவு அவர்கள் ரத்தத்தில் திறந்தது. திந்த் வழக்கைப் பற்றிக் குழந்தைகளுக்கு நல்ல கதை எதுவும் என் கைக்குக் கிடைக்கவில்லை. தீர்ப்பையே சுருக்கிப் பதின்மூன்று வயதுக்காரர்களுக்குச் சொல்லப்போகிறேன்.

கலிஃபோர்னியாவில் 2005இலும் 2016இலும் பாடநூல்களில் சாதி பற்றிய பகுதிகளை நீக்கவும் நீர்க்கச் செய்யவும் இந்து அமைப்புகள் வரிந்துகட்டி நின்றதைப் பார்த்தோம். அங்கே ஆணையத்தின் முன் போய்ச் சண்டையாவது போட முடிந்தது. வீட்டுப்பள்ளியில் ஆணையமும் இல்லை, மனுவும் இல்லை. சாப்பாட்டு மேசையில் சத்தமில்லாமல் வேலை முடிந்துவிடும். வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்தையும் அதனால் சேர்த்திருக்கிறேன். கருப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க வேண்டுமே என்று 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளையே இழுத்து மூடிய ஊர் அது. பிள்ளையைப் பொதுப்பள்ளியிலிருந்து விலக்கி வைத்திருக்கும் நாங்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம்.

டக்ளஸ் ஒன்றும் அழுகைக் கதை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பால்டிமோரில் எஜமானி எழுத்துக் கற்றுக்கொடுக்கத் தொடங்க, அவள் கணவன் தடுக்கிறான். படித்தால் அடிமை அடிமையாக இருக்க மாட்டான் என்று. சிறுவன் டக்ளஸ் அந்தத் தடையிலிருந்தே கல்வியின் மதிப்பைப் புரிந்துகொள்கிறான். தெருவில் பசியோடு திரியும் வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டியைக் கொடுத்துப் பதிலுக்குப் பாடம் வாங்குகிறான். தென் கரோலினாவில் அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதை 1740லேயே சட்டம் போட்டுத் தடுத்திருந்தார்கள். சூத்திரன் வேதம் கேட்டால் காதில் ஈயம் ஊற்று என்ற நாட்டிலிருந்து வந்த நமக்கா இது புரியாது? பூலேவுக்குப் புரிந்தது. 1873இல் தன் ‘குலாம்கிரி’யை அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார்.

ஆறு குடும்பங்களில் இப்போது என்னோடு இருப்பது ஒன்று. அவர்களும் நம்மவர்கள் அல்ல, கொங்குப் பக்கத்து ஆதிக்கசாதிக் குடும்பம்தான். அந்தப் பெண் போன் செய்து, “அண்ணா, நான் இதையெல்லாம் படிச்சதே இல்ல. பிள்ளைங்களோட நானும் உட்காரலாமா?” என்றார். உட்காருங்கம்மா என்றேன். ஹாரியட் ஜேக்கப்ஸ் பாட்டி வீட்டுப் பரணில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்த கதையைப் பதினான்கு வயதுக்கு மேல் வைத்திருக்கிறேன். அதில் வரும் பாலியல் வன்மத்தைப் பெரியவர்கள் முன்கூட்டிப் படித்துத் தயாராக வேண்டும். மற்றவை எல்லாம் உரக்கப் படிக்கத்தான். ஊர் நூலகத்தில் ‘பர்ச்பார்க் ஹவுஸ்’ இரண்டு படிகள் இருந்தன. இரண்டையும் எங்கள் பெயருக்கு எழுதி வைத்துவிட்டேன். ஆகஸ்ட் கடைசித் திங்களன்று எங்கள் வீட்டில் தொடங்குகிறோம்.