கதிரையும் இரத்தமும்

கிராண்ட்பாஸ் வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கைகளில் ஒன்றில், பழைய வீடொன்றின் முன்னறையிலே மூன்று தொலைக்காட்சிப் பெட்டிகளை வைத்து, மணித்தியாலக் கணக்கில் காசு வாங்கும் விளையாட்டுக் கடையொன்று நடக்கிறது. பாடசாலை விட்டதும் எமது மாணவர் சிலர் அங்கே கூடுவர். துறைமுகத்திலும் புறக்கோட்டைக் கடைகளிலும் மூட்டை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளரின் பிள்ளைகள் அவர்கள். 'என்னைக் கவர்ந்த பாத்திரம்' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னபோது, கண்ணகியையும் கர்ணனையும் எதிர்பார்த்திருந்த எமக்கு, அவர்களுள் ஒருவன் ஹெயிஹச்சி மிஷிமாவைத் தந்தான். 'டெக்கென்' என்னும் சண்டை விளையாட்டின் கிழட்டு வில்லன் அவன். "குடும்பத்தை நடத்துவதென்றால் இப்படித்தான் நடத்தவேண்டும்" என்று அந்தக் கட்டுரை முடிந்திருந்தது.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னோம். ஒருவர் சிரித்தார், விளையாட்டுத்தானே என்றார். இன்னொருவர், பொலிசில் சொல்லிக் கடையை மூடவேண்டும் என்றார். மூன்றாமவர், தமிழ்ப் பாடத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். மூவருடனும் எமக்கு உடன்பாடில்லை. மக்களின் பிள்ளைகள் எந்தக் கதையைத் தினமும் கண்ணாலும் கையாலும் பயில்கிறார்களோ, அந்தக் கதையே இன்று திறனாய்வுக்குரிய கதை. அதைச் சிரித்து ஒதுக்குவது சோம்பல், தடைசெய்வது கோழைத்தனம். அதை வாசிக்கக் கற்றுக்கொடுப்பதே ஆசிரியரின் வேலை.

அப்படியானால் அந்தக் கதை என்ன? ஜப்பானின் நாம்கோ கம்பனி 1994இல் தொடங்கிய தொடர் இது. ஹெயிஹச்சி, மிஷிமா என்னும் பெருங்கம்பனிக் குடும்பத்தின் தலைவன். ஐந்து வயது மகன் கசுயாவை மலையுச்சியிலிருந்து கீழே எறிந்தவன். மகன் பிழைத்து வளர்ந்து வந்து தகப்பனை அதே உச்சியிலிருந்து எறிகிறான். தகப்பன் திரும்பிவந்து மகனை எரிமலைக்குள் எறிகிறான். பின்னர் பேரன் ஜின்னை அன்போடு வளர்த்து, பயன் முடிந்ததும் சுடுகிறான். தன்னைப் பெற்ற ஜின்பச்சியை நிலத்தின் கீழே சிறைவைத்தவனும் இவனே. மூன்று தலைமுறையையும் தின்று தீர்த்த ஒரு தகப்பன்!

இக்கதையில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் சொத்துக்கு அது 'ஸைபட்சு' என்று பெயர் சூட்டுகிறது. இது கற்பனைச் சொல் அன்று. மிட்சுயி, மிட்சுபிஷி, சுமிட்டோமோ, யசுடா என்ற குடும்பக் கூட்டுக் கம்பனிகளுக்கு ஜப்பான் வரலாறு இட்ட பெயர் அது. வங்கியும் சுரங்கமும் கப்பலும் ஆலையும் ஒரு சில வீடுகளின் கையிலே இருந்தன. அந்த நாட்டின் போர்ப் பொருளாதாரத்துக்கு அவை தூண்களாக நின்றன. 1945இல் ஜப்பான் தோற்றபின், நேசநாட்டு ஆக்கிரமிப்பு நிர்வாகம் அவற்றைக் கலைக்க உத்தரவிட்டது. வீடுகளின் பிடி தளர்ந்தது; ஆனால் கம்பனிகள் வேறு வடிவில் மீண்டும் கூடின. மிட்சுபிஷியின் பெயரைத் தாங்கிய வாகனங்கள் எமது வீதிகளிலும் ஓடுகின்றன. ஆக, ஹெயிஹச்சியை எழுதியவர்களுக்கு வில்லன் எங்கே பிறக்கிறான் என்பது தெரியும். சொத்தின் மடியிலே பிறக்கிறான்.

தெரிந்தும் அவர்கள் என்ன செய்தார்கள்? நோயின் பெயரை மாற்றினார்கள். அந்தக் குடும்பத்தில் 'பிசாசு மரபணு' ஒன்று ஓடுகிறதாம். 2015இல் விளையாட்டுக் கூடங்களுக்கும் 2017இல் வீடுகளுக்கும் வந்த ஏழாம் பாகம் இன்னும் ஒருபடி கீழே இறங்கிற்று. அந்த இரத்தம் ஹெயிஹச்சியினுடையது அன்று. அவன் மனைவி கசுமியின் குலத்திலிருந்து வந்தது என்கிறது. தன்னைக் கொல்ல வந்த மனைவியை அவன் கொன்றானாம். அவளுடைய இரத்தம் பிள்ளையிடமும் இருக்கிறதா என்று சோதிக்கவே பிள்ளையை மலையிலிருந்து எறிந்தானாம்! இருபது ஆண்டுகளாக வில்லனாக நின்றவனுக்கு ஒரே பாகத்தில் நியாயம் கிடைத்துவிட்டது. தகப்பன் கொலை செய்வான். பழி தாயின் இரத்தத்தின் மேல் விழும். பிள்ளை கெட்டால் "தாய் வழி" என்று திண்ணையிலிருந்து தீர்ப்புச் சொல்லும் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும் இந்த நவீன யந்திரத்துக்கும் என்ன வேறுபாடு?

எனினும் கதை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது. 2007இல் வந்த ஆறாம் பாகத்தைப் பாருங்கள். அதுவரை நல்லவனாக, பாதிக்கப்பட்டவனாக, விளையாடும் பிள்ளைகளின் செல்லமாக இருந்த பேரன் ஜின் அந்தக் கம்பனியின் தலைமைக் கதிரையில் அமர்கிறான். அமர்ந்ததும் உலகத்தின் மீதே போர் தொடுக்கிறான். அவன் அதற்கு என்ன காரணம் சொன்னாலும், குண்டு விழுந்த ஊர்களுக்கு அது காரணமன்று. பாட்டன், மகன், பேரன்: முகங்கள் மாறின, கதிரை மாறவில்லை. எத்தனை பாகங்கள் வந்தாலும் கேள்வி, கம்பனி யாருக்கு என்பதே. கம்பனி எதற்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. அங்கே உழைத்தவர் எவரென்று எவரும் காட்டுவதில்லை.

மலையிலிருந்து மகனைத் தள்ளிய தகப்பன் தமிழனுக்குப் புதியவன் அல்லன். இரணியனைப் பாகவதம் பாடிற்று. கம்பன் தன் காவியத்திலே அவனுக்கு ஒரு படலத்தையே கொடுத்தான். 1934இல் மேடையேறிய பாரதிதாசனின் நாடகமோ அவனை இணையற்ற வீரனாக்கி, புராணத்தைத் தலைகீழாகப் புரட்டிற்று. இரணியன் நல்லவனா கெட்டவனா என்று நாமும் பட்டிமன்றம் வைத்துக் களித்திருக்கிறோம். தூணைப் பிளந்து நரசிங்கம் வந்தபின்னும் சிங்காசனம் பிளக்கவில்லை என்பதையும், அதிலே பிரகலாதன் ஏறி அமர்ந்தான் என்பதையும் எந்தப் பட்டிமன்றமும் பேசியதாக எமக்கு நினைவில்லை.

சிங்காசனங்களைப் பற்றிப் பேசுவதற்கு இலங்கையரைவிடத் தகுதியுடையோர் யார்? 1952இல் டி. எஸ். சேனநாயக்கா இறந்ததும் மகன் டட்லி பிரதமரானார். அடுத்த ஆண்டே உறவினர் கொத்தலாவலை வந்தார். அக்கட்சியை மாமன் மருமகன் கட்சி என்று மக்கள் நையாண்டி செய்தனர். எதிரணியிலே பண்டாரநாயக்கா, பின்னர் மனைவி, பின்னர் மகள். 2021இல் ஒரு ராஜபக்ஷ ஜனாதிபதி, ஒருவர் பிரதமர், ஒருவர் நிதியமைச்சர். இன்னும் இருவர் அமைச்சர்கள். குடும்பத்துக்கு ஓர் உறுதியான கை வேண்டும், நாட்டுக்கும் அப்படியே வேண்டும் என்று அன்று மேடைதோறும் முழங்கினார்கள். அந்த உறுதியான கை எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் எமது ஒழுங்கைத் தாய்மாரை நாட்கணக்கில் வரிசையில் நிறுத்திற்று. 2022 ஜூலையில் மக்கள் எழுந்தனர். கோட்டாபய நாட்டைவிட்டு ஓடினார். மகத்தான நாள் அது! ஆனால் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்புச் செய்து வைத்த கதிரை அவருடன் ஓடவில்லை. எஞ்சியிருந்தவர்களிடம் தரப்பட்டது.

இனி, எங்கள் மாணவனிடம் வருவோம். பகல் முழுதும் முதலாளியின் வசவைக் கேட்டுக்கொண்டு மூட்டை சுமக்கும் அவன் தகப்பன், இரவில் வீட்டிலே ஹெயிஹச்சியாகிறான். கம்பனியில்லாத ஹெயிஹச்சி! வெளியே பறிக்கப்பட்ட மதிப்பை உள்ளே பெல்ட்டால் மீட்கப் பார்க்கிறான். பிள்ளையின் முதுகில் இருந்த தழும்பைப் பற்றி நாம் கேட்டபோது, "அப்பா என்றால் அடிக்கத்தானே வேண்டும், சேர்" என்றான். இந்த ஒரு வசனத்தை அவன் மனத்தில் எழுதியது விளையாட்டு மட்டுமன்று. புராணமும் எழுதிற்று, மேடையும் எழுதிற்று, பாடசாலையும் எழுதிற்று. 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை பிரம்பைத் தடைசெய்த பின்னும் அதை மேசைக்குள் ஒளித்து வைத்திருக்கும் ஆசிரியர்கள் நாம் அல்லவா?

நண்பர்களே, ஏழாம் பாகத்தில் எரிமலைக் குழம்பில் வீழ்ந்து ஒழிந்தவன் ஹெயிஹச்சி. 2024இல் வந்த எட்டாம் பாகத்திற்கு அதே ஆண்டு அவனைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்; மேலதிகக் காசு கொடுத்து வாங்கும் பாத்திரமாக. கொடுங்கோலனைக் கொல்வது கதைக்கு, உயிர்ப்பிப்பது வியாபாரத்துக்கு. அவனை இரத்தம் உயிர்ப்பிக்கவில்லை, இலாபம் உயிர்ப்பித்தது.

அந்தக் கட்டுரையை நாம் வெட்டவில்லை. கீழே ஒரு கேள்வி மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தோம்: "அந்தக் கம்பனியில் வேலை செய்தவர்களின் பெயர்கள் என்ன?" மறுநாள் அவன் கடைக்குப் போய் முழுக் கதையையும் தேடிப் பார்த்துவிட்டு வந்து, "ஒருத்தருக்கும் பேர் போடேல்லை, சேர்" என்றான். இப்போது அவன் அடுத்த கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறான். தலைப்பைத் தானே தெரிந்துகொண்டான். அதிலே முதற்பெயர் அவன் தகப்பனுடையது. ஆசிரியத் தோழர்களே, உங்கள் வகுப்புகளிலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பிரம்பை வெளியே எறிந்துவிட்டுக் கேளுங்கள்.