வேகமா ஓடாத வண்டி ஒண்ணு கட்டுங்க

மூணாவது வருஷம் முடியப் போகுதா? அப்போ உங்க கிளாஸ் குரூப்புல ஒரு கேள்வி சுத்த ஆரம்பிச்சிருக்கும்: "ப்ராஜெக்ட் எங்கடா வாங்கலாம்?" எப்படிப் பண்ணலாம்னு யாரும் கேக்கறதில்லை. காசு குடுத்தா மாடல், ரிப்போர்ட், பிபிடி, வைவாவுக்குக் கேள்வி பதில் எல்லாம் ஒரே பையில வந்துடுது. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சிட்டு, சொந்தமா ஒரு ஷாஃப்டைக்கூட அளந்து பொருத்திப் பார்க்காம வெளிய போறவங்க நம்மள்ல நிறையப் பேர்.

என் கருத்து இதுதான். ஃபைனல் இயர் வர்றதுக்குள்ள ரெண்டு மூணு பேராச் சேர்ந்து ஒரு ஆர்.சி. ராக் கிராலர் கட்டுங்க. ரெடிமேடா வாங்காதீங்க.

கிராலர்னா ரிமோட்டில் ஓடும் நாலு வீல் டிரைவ் வண்டி. பெரும்பாலும் நிஜ ஜீப்பில் பத்தில் ஒரு பங்கு அளவு. ஆர்.சி. ரேஸ் கார் மாதிரி பறக்காது, மனுஷன் நடக்கிற வேகம்தான். கல்லு மேல ஏறணும், கவிழாம இறங்கணும், அவ்வளவுதான் அதோட வேலை.

மெதுவாப் போறதுல என்ன பெருமைன்னு கேட்டா, மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயிலைப் பாருங்க. 46 கிலோமீட்டர் ஏற கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் எடுத்துக்குது. 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் உதகை வரைக்கும் வந்த பாதை அது. கல்லாறு தாண்டினா சுமார் 12 அடிக்கு ஒரு அடி ஏற்றம். அந்த ஏத்தத்துல இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும். அதனால நடுவில் பல் வெச்ச தண்டவாளம் போட்டு, இன்ஜினோட பல்சக்கரம் அதைக் கவ்விக்கிட்டு ஏறுது. கிராலருக்கும் இதே ரெண்டு பிரச்சினைதான்: பிடிப்பும் டார்க்கும். பல் தண்டவாளத்துக்குப் பதிலா இங்க மெத்துனு இருக்கிற ரப்பர் டயர்.

கணக்கைப் பாருங்க. வண்டி எடை 2.5 கிலோ, டயர் ஆரம் 5.5 செ.மீ.ன்னு வெச்சுக்குவோம். 45 டிகிரி பாறையில் நிக்கிறதுக்கே சுமார் 17 நியூட்டன் விசை வேணும். நாலு சக்கரத்துக்கும் சேர்த்து டார்க் ஏறக்குறைய 0.95 நியூட்டன் மீட்டர். சின்ன 540 மோட்டார் இதை நேரடியாத் தராது. 40-க்கு 1 கியர் குறைப்பு போட்டா, உராய்வு இழப்பை விட்டுட்டுப் பார்த்தா, மோட்டார் பக்கம் 0.024 போதும். அந்தப் பக்கம் 12,000 ஆர்.பி.எம். சுத்தினா இந்தப் பக்கம் 300. சமதரையில் மணிக்கு 6 கிலோமீட்டர் சொச்சம். ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ்தான் இது. ஆனா பேப்பர்ல போட்டப்போ எதுக்குன்னே தெரியாமப் போட்ட கணக்கு.

அடுத்தது கவிழ்றது. வீல்பேஸ் 300 மி.மீ., புவியீர்ப்பு மையம் சரியா நடுவில், தரையில் இருந்து 100 மி.மீ. உயரத்தில்னா, ஏத்தத்துல 56 டிகிரி வரைக்கும் பின்னாடி மல்லாக்க விழாது. பேட்டரியையும் மத்ததையும் மேல ஏத்தி, மையம் 150 மி.மீ. உயரத்துக்குப் போச்சுன்னா அது 45 டிகிரியாக் குறைஞ்சிடும். அதையே உயரம் ஏத்தாம 30 மி.மீ. முன்னாடி தள்ளுங்க, 61 டிகிரி கிடைக்கும். பேட்டரித் தட்டை எங்க திருகறோம்கிற ஒரு முடிவுல இவ்வளவு இருக்கு. முன் சக்கரத்துக்குள்ள பித்தளை வளையம் போடறதும் இதுக்குத்தான்.

டிஃபரென்ஷியல்? படம் வரைஞ்சு 13 மார்க் வாங்கின சமாச்சாரம். பாறையில் ஒரு சக்கரம் அந்தரத்துல தூக்கினதும் அந்தச் சக்கரம் மட்டும் வெறுமனே சுத்தும், தரையில் இருக்கிறது அசையாது. அதனால கிராலர்ல முன்னாடி பின்னாடி ரெண்டையும் லாக் பண்ணிடுவாங்க. அப்போ திரும்பறது கஷ்டமாகும், ஷாஃப்ட்டுக்கும் ஜாயின்ட்டுக்கும் பளு கூடும். ஒண்ணு வேணும்னா இன்னொண்ணை விடணும்கிறதைப் புத்தகத்தைவிட இந்த வண்டி சீக்கிரம் சொல்லிக் குடுக்கும்.

இ.சி.இ., இ.இ.இ. நண்பர்களுக்கும் வேலை இருக்கு. ஸ்டியரிங் சர்வோ ஒரு கல்லுல மாட்டித் திணறும்போது நிறையக் கரன்ட் இழுக்கும். அதை இ.எஸ்.சி.யில் இருக்கிற சின்ன பி.இ.சி. தாங்கலைன்னா வோல்டேஜ் விழுந்து ரிசீவர் ஒரு நொடி செத்துப் பிழைக்கும். லித்தியம் பாலிமர் பேட்டரியில் ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழ போகக் கூடாது, 4.2-க்கு மேல ஏறக் கூடாது. பேலன்ஸ் சார்ஜர் கட்டாயம். ஹாஸ்டல் ரூம்ல சார்ஜ் போட்டுட்டு மெஸ்ஸுக்குப் போற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

"இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் பொழுதுபோக்கு, நமக்கு எட்டாது"ன்னு சொல்றவங்களுக்கு ரெண்டு விஷயம்.

ஒண்ணு, காசு. டிராக்சஸ் டிஆர்எக்ஸ்-4 மாதிரி வண்டி அமெரிக்காவிலேயே 400 டாலருக்கு மேல. அதை வாங்கச் சொல்லலை. எல்லாத்தையும் நீங்களே செய்யணும்னும் சொல்லலை. மோட்டார், இ.எஸ்.சி., சர்வோ, ரிமோட், ஆக்சில் கியர், டயர் இதெல்லாம் வாங்குங்க, செகண்ட் ஹேண்டாக் கிடைச்சா இன்னும் நல்லது. சேஸிஸ், சஸ்பென்ஷன் லிங்க், பேட்டரித் தட்டு, சக்கர எடை, பாடி எல்லாம் உங்க கையால வரட்டும். செலவை மூணு பேர் ஒரு வருஷத்துக்குப் பிரிச்சுப் பாருங்க, அவ்வளவு பயமுறுத்தாது.

ரெண்டு, ஊர். பம்பும் மோட்டாரும் கிரைண்டரும் செஞ்சு வளர்ந்த ஊர்ல உக்காந்துட்டு எட்டாதுன்னு சொல்லலாமா? கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர் பக்கம் ஒரு நடை போனா லேத் பட்டறை, லேசர் கட்டிங், மோட்டார் காயில் கட்டற கடை எல்லாம் கண்ணுல படும். 540 மோட்டார்ல '35 டர்ன்', '55 டர்ன்'னு எழுதியிருக்கிறது என்னன்னு காயில் கட்டறவர்கிட்ட கேளுங்க. சுத்து கூடினா வேகம் ஏன் குறையுதுன்னு டீ ஆறறதுக்குள்ள சொல்லிடுவார்.

கலங்கலில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு, இளவயசுல ஒரு மோட்டார் சைக்கிளைக் காசு சேர்த்து வாங்கி, அக்குவேறு ஆணிவேறாக் கழட்டி மாட்டித்தான் இயந்திரம் படிச்சார். 1945-ல் தொடங்கின ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி, அதாவது இன்னைக்கு ஜி.சி.டி., அதுக்கு அவர்தான் முதல் முதல்வர். இந்தப் படிப்புக்கு நாலு வருஷம் எதுக்கு, ரெண்டு போதும்னு வாதாடி, அரசு ஒத்துக்காததால விலகினவர். ரெண்டு வருஷம் போதுமாங்கிறது இருக்கட்டும். நாலு வருஷமும் கையில கிரீஸ் படாமப் போறதைப் பார்த்தா அவர் என்ன சொல்லியிருப்பார்? அதே ஊர்க்காரர் கரிவரதன், கையில கிடைச்ச மாருதி 800 இன்ஜினை வெச்சு ஃபார்முலா மாருதி ரேஸ் கார் வடிவமைச்சார். செட்டிபாளையத்து கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேர்லதான் இருக்கு.

"பொம்மை வண்டி, ரெஸ்யூமேல என்னன்னு போடறது?"ன்னு கேக்கறீங்க. கியர் ரேஷியோவை ஏன் இப்படி எடுத்தேன், லிங்க் ஏன் வளைஞ்சுது, அப்புறம் என்ன மாத்தினேன்னு பத்து நிமிஷம் தடுமாறாமப் பேச முடிஞ்சா, இன்டர்வியூல உங்களுக்கு வேற கதை தேவைப்படாது. விலைக்கு வாங்கின ப்ராஜெக்ட்டுல ரெண்டாவது கேள்வியிலேயே தொண்டை வறண்டுடும்.

கஸ்டமைஸ் பண்ற ஆசை எல்லாருக்கும் வரும். முதல் நாளே லைட் பார், வின்ச், ரூஃப் ரேக்னு ஏத்தாதீங்க. மேல ஏறற ஒவ்வொரு கிராமும் கவிழ்க்கத்தான் பார்க்கும். முதல்ல வெறும் சேஸிஸா ஏற வையுங்க. பாடி போடும்போது எல்லாரும் வைக்கிற அமெரிக்க ஜீப் எதுக்கு? வால்பாறை, கொல்லிமலைப் பக்கம் நாம பார்த்து வளர்ந்த பழைய மஹிந்திரா ஜீப்பை அளந்து செய்யுங்க.

ஓட்டற இடம் முக்கியம். மருதமலை, வெள்ளியங்கிரி அடிவாரக் காட்டுப் பக்கம் போக வேண்டாம், அது யானை நடமாடற இடம். கைவிட்ட பாறைக்குழியும் வேண்டாம், தண்ணி நின்னா ஆழம் தெரியாது. கேம்பஸ்ல புது பிளாக் கட்டற இடத்துல மிச்சம் கிடக்கிற கருங்கல்லை அனுமதி வாங்கி ஒரு ஓரமா அடுக்குங்க, போதும்.

எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலைன்னா, சேஸிஸுக்கு ரெண்டு பக்கத் தகடு, நடுவுல ஒரு தட்டு, அதை மட்டும் வரைஞ்சு, பிரின்ட் எடுத்து, இந்தச் சனிக்கிழமை ஒரு பட்டறைக்குக் கொண்டு போங்க. "இந்த ஓட்டை எத்தனை எம்.எம்., டாலரன்ஸ் எவ்வளவு தம்பி?"ன்னு கேப்பார். பதில் தெரியலைன்னா திரும்பி வந்து வரைஞ்சு, அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போங்க.