ஆட்டுக்குத் தேவை பொடியா, புல்லா?

தோட்டத் தொழிலாளி வளர்க்கும் ஆடு அவனுடைய சேமிப்புப் பெட்டி. தீபாவளிச் செலவுக்கும், பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும், திடீரென வரும் நோய்க்கும் அதுவே கைகொடுக்கிறது. ஆகவே ஆட்டின் வயிற்றைப் பற்றிப் பேசுவது நமது வயிற்றைப் பற்றிப் பேசுவதேயாகும்.

விற்பதற்கு முன் சோளத்தையும் குருணையையும் அள்ளிப் போட்டு ஆட்டைக் கொழுக்க வைப்பவர்கள் நம்மில் உண்டு. சதை விரைவில் ஏறும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஆட்டின் முதல் இரைப்பை புல்லுக்கும் தழைக்கும் அமைந்தது. அங்கே வாழும் நுண்ணுயிர்களே தீனியைச் செரிக்கச் செய்கின்றன. தானியத்தின் மாவுச்சத்து மிகுந்தால் அது விரைந்து புளித்து அமிலமாகிறது. புல் தின்னும் ஆடு நெடுநேரம் அசைபோடும். அப்போது ஊறும் உமிழ்நீர் அந்த அமிலத்தை அடக்கும். தானியம் தின்னும் ஆட்டுக்கு அசையும் குறைவு, உமிழ்நீரும் குறைவு. அமிலம் மிகுந்ததும் நுண்ணுயிர்களில் பல சாகின்றன. அவற்றிலிருந்து வெளிப்படும் நஞ்சு, புண்பட்ட இரைப்பைச் சுவரைக் கடந்து இரத்தத்தில் கலக்கிறது. அதனால் உடலுக்குள் அழற்சி உண்டாகிறது; ஈரல் கெடுகிறது; குளம்பு நொந்து ஆடு நொண்டுகிறது. கொழுக்க வைத்த ஆடு தீனி எடுக்காமல் நிற்பதன் காரணம் பல வேளைகளில் இதுவே.

இந்த அழற்சியைத் தணிக்கத் தாவரச் சத்துகளைத் தீனியில் கலக்கும் ஆராய்ச்சிகள் இன்று பல நாடுகளில் நடக்கின்றன. வளர்ச்சிக்காகக் கால்நடைத் தீனியில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் தடைசெய்த பிறகு இந்த முயற்சி வேகம் பெற்றது. துவர்ப்புச் சத்து, பூண்டு எண்ணெய் முதலியவை சில சோதனைகளில் நல்ல பலன் தந்துள்ளன. ஆயினும் அளவு மாறினால் பலனும் மாறும். துவர்ப்பு மிஞ்சினால் ஆடு தீனியையே வெறுக்கும்.

1901இல் கிள்ளானிலும் இன்றைய போர்ட் கிள்ளானிலும் மலேரியாவை ஒடுக்க டாக்டர் மால்கம் வாட்சன் என்ன செய்தார்? கொயினா மாத்திரையை மட்டும் நம்பியிருக்கவில்லை. சதுப்பு நீரை வடித்தார். நோயின் ஊற்றை அடைக்காமல் மருந்தை மட்டும் ஊட்டுவது வீண் செலவு. தானியத்தைக் குறைக்காமல் பொடியை வாங்கிக் கொட்டுவதும் அப்படித்தான்.

ஆகவே நாம் சொல்வது இது: முதலில் புல், பிறகு தானியம். தானியத்தைக் கூட்டுவதாயின் இரண்டு மூன்று வாரங்களில் சிறுகச் சிறுகக் கூட்டுங்கள். பலாத்தழையில் இயற்கையாகவே துவர்ப்புச் சத்து உண்டு; அதற்குக் காசு வேண்டியதில்லை.

பொடி விற்பவர்கள் அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதைப் பையின் மீது தமிழிலும் அச்சிடட்டும். நிர்வாகங்கள் புல் வளர்க்க ஒரு துண்டு நிலம் ஒதுக்கட்டும். களைக்கொல்லி தெளித்த நிரைகள் எவை என்பதை முன்கூட்டியே அறிவிக்கட்டும். இவை சலுகைகள் அல்ல, நியாயமான கோரிக்கைகள். கிளைக் கூட்டங்களில் இவற்றை எழுப்புவோம்!