போர்வையின் நிறத்தைத் தெரிவு செய்வது யார்?

ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகள் இன்று பலாங்கொடை போன்ற நகரங்களில் நிறுத்து விற்கப்படுகின்றன. அவற்றோடு வீட்டில் கிழிந்துபோன சேலை, சட்டை, சாரம் ஆகியவற்றையும் சேர்த்துக் கையால் தைக்கும் ஒட்டுப் போர்வையை ஒரு சிறு வருமானமாக்க எமது பெண்கள் பலர் முன்வந்துள்ளனர். இது வரவேற்கத்தக்கது. ஆனால் தையல் நிலையங்களில் அளவு பேசப்படுகிறது, தையலின் நெருக்கம் பேசப்படுகிறது, விலையும் பேசப்படுகிறது. நிறம் மட்டும் பேசப்படுவதில்லை. அது வாங்க வருபவரின் பையிலிருந்து ஓர் அட்டையாக வெளியே வருகிறது. வெளிர் நிறம் வேண்டும், பளிச்சென்ற நிறம் வேண்டாம், இன்ன நீலத்தோடு இன்ன சாம்பல் என்று அந்த அட்டை சொல்கிறது.

இது சிறிய விடயம் அல்ல என்பது எமது கருத்து. நிறத்தைத் தெரிவு செய்பவரே போர்வையை ஆக்குபவர். மற்றவர் எத்தனை ஆயிரம் தையல் போட்டாலும் கைக்கூலிதான்.

தோட்டங்களில் எமது முன்னோருக்குக் கம்பளி கொடுக்கப்பட்டது. மழைக்கும் குளிருக்கும் அதுவே போர்வை. அதன் விலை சம்பளத்தில் கழிக்கப்பட்டது. காசு கொடுத்தவர் தொழிலாளி. ஆனால் என்ன கம்பளி, என்ன நிறம் என்று அவரை எவரும் கேட்டதில்லை. 1973-74 பஞ்சக் காலத்திலும், 1977, 1983 வன்செயல்களின் பின்னரும் சப்ரகமுவ, மலையகத் தோட்டங்களை விட்டு வன்னிக்குச் சென்று காடு வெட்டிக் கமம் செய்த குடும்பங்கள், வாழ்க்கையில் முதற்தடவையாக ஒரு தெரிவைச் செய்தன. எந்தத் துண்டில் கௌபி, எந்தத் துண்டில் மிளகாய், எங்கே நெல் என்பதைத் தாமே தீர்மானித்தன. 2009 வரையான யுத்தம் அந்த நிலத்தையும் பறித்தது. வளவை கங்கையை மறித்து 1992இல் இயங்கத் தொடங்கிய சமனலவெவ நீர்த்தேக்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களும், 2016இல் கேகாலை மாவட்டத்தில் மண்சரிவுக்கு வீடு வாசலைக் கொடுத்தவர்களும் இதே வரிசையில் நிற்பவர்கள். இவர்களிடம் போய், "நிறத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் தையுங்கள்" என்று சொல்வது பழைய பெரட்டுக்களத்துப் பேச்சுத்தான்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆறு வளைந்தோடும் ஓரிடத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு கிராமம் உண்டு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களின் சந்ததியினர் அங்கே குத்தகைக்குப் பருத்தி பயிரிட்டு வாழ்ந்தார்கள். 1932இல் கடன் கொடுத்த வியாபாரியின் குடும்பத்தினர் வந்து கலப்பை, மாடு, சோளம் என அனைத்தையும் அள்ளிச் சென்றனர். 1960களில் அணை கட்டப்பட்டபோது நல்ல வயல்களை ஆற்று நீர் மூடியது. வாக்குரிமை கேட்டவர்கள் குடியிருந்த காணிகளிலிருந்து விரட்டப்பட்டார்கள். எமது கதையைப் போல் இருக்கிறதல்லவா?

அவ்வூர்ப் பெண்கள் குளிருக்காக உழைப்பு உடைகளைக் கிழித்துப் போர்வை தைத்தனர். 1942இல் மிசூரி பெற்வே என்பவர் இறந்துபோன தன் கணவரின் வேலை உடைகளைக் கொண்டு ஒரு போர்வை தைத்தார். வெயிலில் வெளுத்த நீலம், பழுப்பு, வெள்ளை, இடையிடையே சிவப்பு. இத்தகைய போர்வைகள் சிலவற்றில் சட்டைப்பை இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் அடர் நீலமாக நிற்பதைக் காணலாம். எந்தச் சாயத் தொழிற்சாலையும் அந்த நீலத்தைத் தர முடியாது.

1966இல் எப்பிஸ்கோப்பல் சபைக் குருவானவர் பிரான்சிஸ் வால்டரின் உதவியுடன் அப்பகுதிப் பெண்கள் ஒரு கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். போர்வைகள் நியூயோர்க் வரை சென்றன. 1969இல் சங்கம் 23 ஏக்கர் காணி வாங்கியது. விரட்டப்பட்ட சில குடும்பங்களுக்கு அதிலே துண்டு நிலம் விற்கப்பட்டது. போர்வை விற்றுக் காணி வாங்கிய கதையை எமது சங்கங்கள் இரண்டு தடவை வாசிக்க வேண்டும்.

ஆனால் பெரிய கடைகள் ஒரே மாதிரியான பொருளைக் கேட்டன. அளவு பிசகாமல், சொன்ன கோலத்தில், சொன்ன நிறத்தில். 1972இல் சியர்ஸ் என்ற பெரும் வணிக நிறுவனத்துக்குத் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. கோடுரோய் என்னும் வரித்துணி. அந்த உறைகள் கூலி கொடுத்தன; மறுப்பதற்கில்லை. பெண்களோ மிஞ்சிய பொன்னிறம், இலைப்பச்சை, சிவப்புத் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துச் சென்று தம் விருப்பப்படி தைத்தனர். 2002இல் ஹூஸ்டன், நியூயோர்க் நகரங்களின் நூதனசாலைச் சுவர்களில் ஏறியவை வீட்டுக்கென்று அப்படித் தம் விருப்பத்தில் தைத்தவைதான். 2006இல் பத்துப் போர்வைகள் அமெரிக்கத் தபால் முத்திரைகளாகின. ஒப்பந்தத்துக்குத் தைத்த தலையணை உறையை அங்கே யாரும் தேடவில்லை. புகழ் வந்த பிறகு அந்தக் கோலங்கள் வேறு பொருட்களிலும் அச்சாகி விற்பனைக்கு வந்தன; தமக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்று 2007இல் சில பெண்கள் நீதிமன்றம் சென்றார்கள். வழக்கு அடுத்த ஆண்டு தீர்ந்தது. நிறத்துக்கும் கோலத்துக்கும் விலை உண்டு என்பதை அவர்கள் அப்படித்தான் நிலைநாட்ட வேண்டியிருந்தது.

அருகிலேயே கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில், ஆபிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் இருக்கிறார்கள். பிறர் காணியில் கூலி வேலை செய்பவர்களே அதிகம். பழந்துணியில் அவர்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். முழுக் கோலத்தையும் முன்கூட்டியே வரைவதில்லை. ஓரத்திலிருந்து தொடங்கி உள்நோக்கித் தைக்கிறார்கள். அடுத்த துண்டு எது என்று அந்த வேளையில் கண் தீர்மானிக்கிறது. நான்கு மூலைகளிலும் மடித்த துணியில் பூ வைத்தாலன்றி வேலை முடிந்ததாகக் கொள்வதில்லை.

இனி எமது தையல் நிலையங்களுக்கு வருவோம். நிறம் தெரிவு செய்யத் தெரியாது என்று கூறும் சகோதரிகள் உண்டு. உண்மையில் தெரியாததல்ல, பழக்கமில்லாதது. நிறத்தின் பெயரைப் பார்த்துத் துணியைப் பிரிக்க வேண்டாம். இளமை, நடுத்தரம், அடர்த்தி என்று மூன்று குவியலாக்குங்கள். கண்ணை அரைவாசி மூடிப் பார்த்தால் பச்சை, நீலம் என்ற பெயர்கள் மறைந்து வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும். எல்லாத் துண்டும் நடுத்தரமாக இருந்தால் எத்தனை நிறம் போட்டாலும் போர்வை சேறு போலத் தெரியும். இரவில் குப்பி விளக்கிலோ மஞ்சள் பல்ப் வெளிச்சத்திலோ தெரிவு செய்யக்கூடாது. அந்த ஒளியில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தோன்றும். பகலில் இஸ்தோப்பிலே விரித்து, முற்றத்துக்கு இறங்கி நின்று பாருங்கள். அப்படியே விட்டுவிட்டு மறுநாட் காலையிலும் பாருங்கள். முதல் நாள் அழகென்று தோன்றியது மறுநாள் கண்ணைக் குத்துவதுண்டு.

பளிச்சென்ற நிறம் உப்பைப் போன்றது. இருபது மங்கல் துண்டுகளுக்கு நடுவே ஒரே ஒரு மஞ்சள் போதும், முழுப் போர்வையும் விழித்துக்கொள்ளும். அந்த மஞ்சளைச் சரி நடுவில் வைக்க வேண்டும் என்பதுமில்லை.

சாயம் கழலும் துணியை மட்டும் கட்டாயம் சோதிக்க வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சிவப்பு ஒட்டினால், தண்ணீர் தெளியும் வரை தனியாகக் கழுவுங்கள். தெளியவே இல்லையா, அந்தத் துண்டை விட்டுவிடுங்கள். கோடித் துணியைப் பழந்துணியோடு இணைத்தால் என்ன ஆகும் என்று சுவிசேஷத்தில் இயேசு சொன்னது தையற்காரிக்கு நேரடியாகவே பொருந்தும்: புதுத் துண்டு சுருங்கிப் பழையதை இழுத்துக் கிழிக்கும். ஆகவே முதலில் நனைத்து உலர்த்துங்கள். நைலெக்ஸ் சேலையைப் பருத்தியோடு கலக்காதீர்கள். அதன் பளபளப்பு பக்கத்து நிறத்தை அழுக்காகக் காட்டும்.

நிறத்தைப் பற்றிய பயங்களும் எம்மிடையே உண்டு. கணவனை இழந்த சகோதரி, தான் விற்பனைக்குத் தைக்கும் போர்வையில்கூடச் சிவப்பை வைக்கத் தயங்குகிறாள். யுத்தம் நடந்த இடங்களிலிருந்து வந்தவர்கள் சிவப்பும் மஞ்சளும் பக்கத்தில் வந்துவிட்டால் யாராவது ஏதாவது கேட்பார்களோ என்று ஒன்றை எடுத்து ஒளிக்கிறார்கள். மஞ்சளும் குங்குமமும் எமது மாரியம்மன் கோயில்களில் எந்தக் கொடிக்கும் முன்பிருந்தே இருக்கின்றன. கட்டாயப்படுத்தி வைக்கச் சொல்ல நாம் வரவில்லை. தயக்கம் துணியைப் பற்றியதா, பயத்தைப் பற்றியதா என்று அவர்களே பேசிக்கொள்ள நிலையத்தில் இடமிருக்க வேண்டும்.

வாங்குபவர் சொல்லும் நிறத்தில் தைக்காவிட்டால் யார் வாங்குவார், அரிசிக்கு என்ன வழி என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அளவு, தையலின் உறுதி, சாயம் கழலாமை ஆகியவற்றில் வாங்குபவர் கண்டிப்பாக இருக்கலாம். அது அவர் உரிமை. நிற அட்டைக்கும் தைத்துக் கொடுக்கலாம், அதைக் கூலி வேலை என்றே பெயரிட்டு, கூலியை நேரக் கணக்கில் வாங்கிக்கொண்டு. ஆனால் ஒவ்வொரு பெண்ணும் நான்கு போர்வைகளில் ஒன்றையேனும் தன் தெரிவில் தைக்கட்டும். அதற்கான துணியை நிலையம் கொடுக்கட்டும். அந்த ஒன்றின் விலையைத் தைத்தவரே சொல்லட்டும். அட்டைப் போர்வையிலும் அது கூடுதலாக இருக்கட்டும், ஏனெனில் அதில் இரண்டு வேலைகள் உண்டு.

புத்தபிரானின் சீடர் ஆனந்தர், மகத நாட்டு வயல் வரம்புகளைப் பார்த்துத்தான் பிக்குகளின் ஒட்டுத் துணி அங்கியை அமைத்தார் என்று பௌத்த நூல்கள் கூறுகின்றன. பலாங்கொடையில் எமது அயலவருக்கு இது தெரிந்த செய்தி. நிலமிழந்த எமது பெண்கள் தாம் விட்டுவந்த காணியின் வரம்பையும் நாற்றுமேடையையும் மிளகாய்ப் பாத்தியையும் துணியில் வைத்தால் அது எப்படி இருக்கும் என்று பார்க்க எமக்கு ஆவலாக உள்ளது. வரும் நத்தார் விற்பனைக்கு வரும் போர்வைகளின் மடிப்பில், தைத்தவர் விரும்பினால் பெயரையும் அந்தக் காணி இருந்த ஊரின் பெயரையும் நூலால் எழுதி அனுப்புமாறு நிலையப் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். எந்த நிற நூல் என்பதை அவரே முடிவு செய்வார்.