நண்பர் வீட்டுக்கு ஐரோப்பா ட்ரிப்: அமெரிக்கருக்கு ஈஸி, சிவகாசிக்காரருக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்?

பாரிஸில் நண்பர் வீட்டில் மூன்று நாள். அங்கிருந்து ரயில் பிடித்து பிரஸ்ஸல்ஸ், அடுத்து பெர்லின், கடைசியாக ப்ராக். ஐரோப்பாவில் வேலை பார்க்கும் அமெரிக்கர்களின் இந்த மாதிரி விடுமுறைப் பதிவுகளை இன்ஸ்டாவிலும் யூடியூபிலும் நிறையப் பார்க்கலாம். ஹோட்டல் செலவு குறைவு, ஊருக்கு ஊர் நண்பர்கள், மூன்று வாரத்தில் நாலைந்து நாடுகள்.

இதைப் பார்த்ததும் நம்ம ஆட்கள் வழக்கமாகச் சொல்வது: "வாழத் தெரிஞ்சவங்கப்பா. நமக்கு எங்க, வேலை வேலைன்னே காலம் போயிடும்."

இதில் பாதிதான் உண்மை. இப்படி ஒரு பயணத்துக்கு டிக்கெட் காசு போக மூன்று விஷயங்கள் வேண்டும்: கதவு திறக்கிற பாஸ்போர்ட், சம்பளத்தோடு லீவு, போய்த் தங்க ஒரு நண்பர் வீடு. மூன்றாவது இன்று விருதுநகர், சிவகாசி இளைஞர்கள் பலருக்கும் இருக்கிறது. முதல் இரண்டையும் தீர்மானிப்பது சட்டம். வாழத் தெரிந்ததா, தெரியாததா என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை.

அமெரிக்கர் எப்படி இவ்வளவு ஈஸியாகப் போகிறார்?

1985 ஜூன் 14 அன்று லக்சம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்ற சின்ன ஊரில் ஐந்து நாடுகள் ஓர் ஒப்பந்தம் போட்டன. எல்லைச் சோதனை இல்லாமல் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகலாம் என்பதுதான் அதன் சாரம். இன்று அதில் 29 நாடுகள் இருக்கின்றன. பிரிட்டனும் அயர்லாந்தும் இதற்கு வெளியே.

அமெரிக்க பாஸ்போர்ட் இருந்தால் எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள் வரை விசா இல்லாமல் இந்த 29 நாடுகளையும் சுற்றலாம். 'எட்டியாஸ்' என்ற ஆன்லைன் முன் அனுமதியை 2026 கடைசியில் கொண்டுவரத் திட்டமிட்டிருக்கிறார்கள். அதற்கும் கட்டணம் 20 யூரோதான். யார் வீட்டில் தங்குகிறீர்கள், பேங்கில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று நேர்காணல் எல்லாம் இல்லை.

விருதுநகர்க்காரர் போக வேண்டும் என்றால்?

அவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

ஊரிலோ சென்னையிலோ வேலை பார்ப்பவர் என்றால் ஷெங்கன் விசா எடுக்க வேண்டும். 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. நிராகரித்தாலும் அந்தக் காசு திரும்பி வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். நண்பர் வீட்டில் தங்குவது என்றால் சிக்கல் இன்னும் கொஞ்சம் கூடும். பிரான்ஸில் இருக்கும் நண்பர் தன் ஊர் நகராட்சி அலுவலகத்துக்குப் போய் 'இவர் என் வீட்டில் தங்குவார்' என்று சான்று வாங்கி அனுப்ப வேண்டும். செலவு முழுவதையும் ஜெர்மனி நண்பர் பார்த்துக்கொள்வதாக இருந்தால், அதற்கு அவர் அங்குள்ள அரசு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். லண்டன் நண்பரையும் பார்க்க ஆசையா? அதற்குத் தனி விசா.

ஏற்கெனவே ஜெர்மனியில் வேலை பார்த்து, குடியிருப்பு அனுமதி அட்டை வைத்திருப்பவருக்கு நிலைமை வேறு. அந்த அட்டையும் பாஸ்போர்ட்டும் இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாட்களில் 90 நாள் வரை போய்வரலாம். ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கான 'இன்டர்ரெயில்' ரயில் பாஸும் அவருக்குக் கிடைக்கும். பயண விஷயத்தில் அவர் கிட்டத்தட்ட அந்த அமெரிக்கர் மாதிரிதான்.

அமெரிக்காவில் ஹெச்-1பி விசாவில் இருப்பவர் பாடுதான் வேடிக்கை. அங்கே எத்தனை வருஷம் இருந்தாலும் பாஸ்போர்ட் இந்தியாவுடையது. எனவே ஐரோப்பாவுக்கு விசா எடுக்க வேண்டும். அமெரிக்க விசா ஸ்டாம்ப் காலாவதியாகியிருந்தால் திரும்பி உள்ளே போக அதையும் புதுப்பிக்க வேண்டும். பக்கத்து இருக்கையில் வேலை பார்க்கும் அமெரிக்கர் டிக்கெட் போடுகிற நேரத்தில், இவர் டாக்குமெண்ட் சேர்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கான ஷெங்கன் விதியை ஐரோப்பிய ஒன்றியம் தளர்த்தியது. மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசா வாங்கிச் சரியாகப் பயன்படுத்தியிருந்தால், அடுத்தது இரண்டு ஆண்டுக்குப் பலமுறை போய்வரும் விசா. அதன் பிறகு ஐந்து ஆண்டு விசாவும் கிடைக்க வாய்ப்பு. ஆனால் முதல் இரண்டு முறையும் போகக் கையில் லீவு இருக்க வேண்டுமே?

அந்த லீவு யார் கொடுத்தது?

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. தனியார் துறையில் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தே ஆக வேண்டும் என்று அமெரிக்காவில் மத்திய சட்டம் எதுவும் கிடையாது. கம்பெனி கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதே அமெரிக்கர் ஐரோப்பாவில் வேலைக்குச் சேர்ந்தால், ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலைநேரச் சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்தது நான்கு வாரம் சம்பளத்தோடு விடுமுறை. வேலையை விட்டு விலகும்போது தவிர, அந்த நான்கு வாரத்தைக் காசாக மாற்றிக் கொடுக்கவும் கூடாது. எடுத்தே ஆக வேண்டும். நாம் பார்த்துப் பொறாமைப்படும் அந்த மூன்று வாரப் பயணத்தில் அவருடைய நாட்டுக்குப் பாஸ்போர்ட் தந்த பெருமை உண்டு. லீவு தந்தது ஐரோப்பா.

ஐரோப்பாவுக்கும் அது சும்மா கிடைக்கவில்லை. 1936இல் பிரான்ஸில் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து மாபெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதையடுத்துதான் இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை சட்டமானது. அந்தக் கோடையில் எத்தனையோ தொழிலாளர் குடும்பங்கள் முதல்முறையாகக் கடலைப் பார்த்தன. இன்று அங்கே அது ஐந்து வாரம்.

சரி, பட்டாசு ஆலையில் லீவு உண்டா?

இன்று வெளிநாட்டில் இருக்கும் நம் பகுதிப் பிள்ளைகளில் பலர் பட்டாசு, தீப்பெட்டி, அச்சகக் கூலியில் படித்தவர்கள். அதனால் இந்தக் கேள்வியை அவர்கள் வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் வேலை இல்லாத நாளுக்குப் பஞ்சமில்லை. தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் பூட்டிக் கிடக்கும். மழை பெய்தால் சரக்கு காயாது. விபத்து நடந்தால் ஆய்வு, உரிமம் நிறுத்தம். 2018 அக்டோபரில் பசுமைப் பட்டாசு தவிர மற்றவற்றுக்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டபின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடியிருந்தன. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதையும் லீவு என்கிறார்கள். கூலி வராத நாள் எப்படி லீவாகும்?

சட்டம் என்ன சொல்கிறது? 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டப்படி, ஓர் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு லீவு. அதாவது 12 நாள். பீஸ் ரேட் கூலிக்காரருக்கும் இது பொருந்தும். முந்தைய மாதத்தின் சராசரி வருமானத்தை வைத்து லீவுச் சம்பளம் கணக்கிட வேண்டும். முறைப்படியான லே-ஆஃப் நாட்களும், குறிப்பிட்ட அளவு மகப்பேறு விடுப்பும் அந்த 240இல் சேரும்.

2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், இந்த 240 நாள் 180 ஆகக் குறைந்திருக்கிறது. அந்தத் தொகுப்புகள் மீது தொழிற்சங்கங்களுக்கு வேறு பல ஆட்சேபங்கள் உண்டு, அது தனி விவாதம். ஆனால் பருவத்தை நம்பி ஓடும் பட்டாசுத் தொழிலுக்கு இந்த ஒரு மாற்றம் ரொம்பப் பெரியது. 240 நாளை எட்ட முடியாத பெண்கள் பலர் 180ஐ எட்டிவிட முடியும்.

சிக்கல் எங்கே என்றால், வேலை பார்த்தது பதிவேட்டில் இருக்க வேண்டும். ஆலையை அறை அறையாக உள்குத்தகைக்கு விடுவதும், ஆளை ஏஜென்ட் மூலம் கூட்டி வருவதும் நடக்கிற இடத்தில், வேலை பார்ப்பவர் பெயர் பதிவேட்டில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பெயர் இல்லாதவருக்கு லீவும் இல்லை. விபத்து நடந்தால் இழப்பீடு கேட்பதும் கஷ்டம்.

ஊருக்கு வராமல் ஐரோப்பா சுற்றினால் தப்பா?

நம் பக்கத்தில் பயணம் என்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போனது தீப்பெட்டித் தொழில் கற்க. 1966இல் காமராஜர் சோவியத் யூனியனுக்கும் கிழக்கு ஐரோப்பாவுக்கும் போனது காங்கிரஸ் தலைவராக. வேலை, படிப்பு, கோயில், கல்யாணம் என்று எதுவும் இல்லாமல் 'சும்மா ஃப்ரெண்டைப் பார்க்க' ஐந்தாயிரம் மைல் போவதாகச் சொன்னால் வீட்டில் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள்.

அதனால் வெளிநாட்டில் இருப்பவரின் லீவு முழுவதும் பங்குனிப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சொந்தக்காரர் கல்யாணத்துக்குமே சரியாகிவிடுகிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் ஒரே ஹாஸ்டலில் படித்து இன்று மியூனிக்கிலும் ஆம்ஸ்டர்டாமிலும் தனியாக இருக்கும் நண்பர்கள் ஒருவரை ஒருவர் போய்ப் பார்ப்பதும் தேவைதான். வெளிநாட்டில் காய்ச்சல் வந்தால் முதல் போன் போவது அந்த நண்பருக்குத்தான். இரண்டு நாள் அவர் வீட்டில் போய் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு வருவதை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது.

என்ன செய்யலாம்?

சென்னையில் அலுவலக வேலையில் இருப்பவர்கள், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஓர் ஆண்டு பணி முடித்தவருக்கு 12 நாள் சம்பளத்தோடு விடுப்பு தருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தற்செயல் விடுப்பும் நோய் விடுப்பும் அதற்கு மேல். 'லீவே எடுக்காதவர்' என்ற பட்டத்தால் யாருக்கும் லாபமில்லை.

ஐரோப்பாவில் இருப்பவர்கள், உங்கள் நான்கு வாரத்தை முழுசாக எடுங்கள். அதில் ஒரு வாரமாவது நண்பர்களுக்கு. முடிந்தால் அழைப்புக் கடிதம் அனுப்பி ஊரிலிருக்கும் ஒரு நண்பரையும் கூப்பிடுங்கள். அந்த முதல் விசாதான் அவருக்குக் கஷ்டம்.

அடுத்த முறை வீட்டுக்கு போன் பேசும்போது, பட்டாசு ஆலைக்குப் போகும் அம்மாவிடமோ சித்தியிடமோ ஒன்று கேளுங்கள்: "பதிவேட்டுல உங்க பேர் இருக்கா? வருஷத்துல எத்தனை நாள் வேலைன்னு கணக்கு வச்சிருக்கீங்களா?" 180 நாள் தாண்டியிருந்தால் ஒன்பது நாள் கூலி அவர்களுக்கு வர வேண்டியது. அந்தக் காசில் யாரும் பாரிஸ் போக முடியாதுதான். ஆனால் கூலி போய்விடுமே என்ற பயமில்லாமல் ராமேஸ்வரம் போய்வரலாம். பிரெஞ்சுத் தொழிலாளிக்கும் தொடக்கம் அப்படி ஒரு கடற்கரைதான்.